நீலக்குதிரையும் நாலடித் தொட்டியும்

இல்லலே மாரிக்கண்ணா, வேலைக்குத் திரும்பி வான்னு நான் சொல்லவே இல்ல. முனியராஜ் வந்து அப்படியா சொன்னான்? பேருதான் சூப்பர்வைசரு, ஒண்ணு சொல்லி விட்டா ஒம்பதாச் சொல்லுவான். வீட்டு மீன் தொட்டியில பாசி புடிச்சிருக்கு, மாரிக்கண்ணன ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுன்னேன். அம்புட்டுத்தான். தொட்டிக்கு மட்டுந்தான் கூப்பிட்டேன். வாசப்படியில நின்னுக்கிட்டு மொறைக்காம உள்ள வா. உக்காரு.

உக்கார மாட்டியா. சரி நில்லு. இருவத்தி ரெண்டு வருசம் என் பிரஸ்ல மெசின் முன்னாடி நின்ன காலு, இங்கன அரைமணி நேரம் நின்னா வலிச்சிரவா போகுது.

தெரியும்லே. நாப்பது பேரு முன்னாடி அச்சடிச்ச சீட்டக் கிழிச்சு ஒம் மூஞ்சியில எறிஞ்சேன். ஆடிப்பெருக்குக்கு மொத நாளு. நானும் மறக்கல. நீலக்குதிர மார்க்கு பட்டாசு லேபிளு. நீ ஓட்டுன குதிர பச்சையா இருக்குன்னேன், நீ நீலந்தான்னு நின்ன. பச்சக்குதிர தாண்டி வெளையாடவா கம்பெனிக்காரன் ஆர்டர் குடுத்தான்னு கத்துனேன். அப்பயும் நீலங்குற. கலர்ல என்னய எதுத்துப் பேசுனவன் சிவகாசியில எவனும் உண்டாலே? வெளிய போன்னேன், போயிட்ட. காலண்டர் பிரஸ்ல சேந்துட்டியாம்ல. நல்லா இரு, நான் வேணாங்கல. அத விடு. இப்ப அதப் பேசவா கூப்பிட்டேன்.

இந்தா, தொட்டியப் பாரு.

நாலடி. கடல் தண்ணி மீனு. இந்த ஸ்டாண்ட நீயுந்தான ஒரு பக்கம் தூக்கிட்டு வந்து வச்ச. இதை எதுக்கு வாங்குனேன்னு எவன்ட்டயும் சொன்னதில்ல, ஒன்ட்டச் சொல்றேன். சிவகாசியில ஒரு பட்டாசுக் கம்பெனி மொதலாளி வீட்டுக்கு ரேட்டு பேசப் போயிருந்தேன். ஆயிரம் லேபிளுக்கு இம்புட்டு, அதுக்குக் கீழ ஒரு பைசா எறங்கப்படாதுன்னு மனசுல முடிச்சுப் போட்டுக்கிட்டுப் போறேன். அவரு பேசவே இல்ல. ஒரு மீன் தொட்டி முன்னாடி உக்கார வச்சிட்டுப் போனப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஆரஞ்சுக் கலர்ல வெள்ளப் பட்டை போட்ட மீனு, பூ மாதிரி ஒண்ணுக்குள்ள புகுந்து புகுந்து வெளிய வருது. நானும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அவரு ஒரு ரேட்டச் சொன்னாரு. நான் தலைய ஆட்டிட்டேன்.

ரோட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் ஒறைக்குது. எட்டு வயசுல வேஸ்ட் பேப்பர் பொறுக்கும்போதே எடைக்காரன் தராசுல விரல் வைக்கிறான்னு அவன் கைய கடிச்சவன் நான். எந்த ஏவாரி மொதல்ல சொன்ன வெலைக்கும் அன்னைய வரைக்கும் சரின்னது கெடையாது. எங் கல்யாணத்துல தாலிக்குக் கூலி பேசி ஆசாரிய அழ வச்சவன் நான். அப்பேர்ப்பட்ட சங்கிலிமுத்து ஒரு மீனப் பாத்துக்கிட்டு ஏமாந்து வந்திருக்கேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தச் சாமான் நம்ம வீட்டுலயும் இருக்கணும்னு.

சிரி சிரி. ஆனா வேல செஞ்சதுலே. தொட்டி வந்த மொத மாசமே பேப்பர் ஏவாரி ஒருத்தன் மீனப் பாத்துக்கிட்டே டன்னுக்கு எரநூறு கொறச்சிட்டுப் போனான். போகும்போது மீனுக்கு டாட்டா வேற காட்டுறான்.

அதுக்குப் பெறகுதான் பாசி. மதுரையில இருந்து தொட்டியக் கொண்டாந்து மாட்டுனவன் ஹரிஷ்குமாருன்னு ஒருத்தன். நல்ல தொழில்காரன், இப்பச் சொல்றேன், அப்பச் சொல்லல. அவன் என்னங்குறான், இதுக்குன்னு தனியா உப்பு இருக்கு சார், வாளி வாளியா வரும், அதை வடிகட்டுன தண்ணியில கலக்கணுங்குறான். வெலையக் கேட்டேன். கல்யாண வீட்டுக்கு மளிகச் சாமான் வாங்குற காசுலே. கடல்ல எந்தக் கம்பெனிக்காரன் போயி வாளி வாளியா உப்பக் கொட்டிட்டு வந்தான்னு கேட்டேன். தூத்துக்குடி லாரிக்காரன்ட்டச் சொல்லி ரெண்டு மூட கல்லுப்பு எறக்கிட்டேன். தண்ணிக்கு நம்ம போர் இருக்கு. நம்ம போர் தண்ணிதான் மொதல்லயே உப்பு கரிக்குதே, பாதி வேலய பூமியே செஞ்சு குடுத்திருச்சுன்னு எனக்கு ஒரு சந்தோசம்.

இருவது நாளு. கல்லு, கண்ணாடி, மோட்டாரு, எதயும் விடல. கல்லுல எல்லாம் பச்சப் பச்சையா முடி மொளைச்சிருச்சு. மீனு அதுக்குள்ள வழி தெரியாம நிக்குது. அது நெசமான பாசி, அதுல சந்தேகமே இல்ல. எம் பொண்டாட்டி பாலம்மாளும் பாத்தா, பால்காரனும் பாத்தான். ஏன் அண்ணாச்சி தொட்டியில கீர போட்டிருக்கீகன்னு கேட்டவன் அவன்தான்.

ஹரிஷ்குமார் வந்தான். குப்பியில தண்ணிய மோந்து ரெண்டு சொட்டு மருந்த விட்டான். தண்ணி கலரு மாறுச்சு. ஒரு கலர் அட்டைய எடுத்து என்ட்டயே நீட்டுறான், எதோட சேருதுன்னு பாருங்கன்னு. நான் ஒரு கட்டத்தக் காட்டுறேன், அவன் அதுக்கு ரெண்டு தள்ளிக் காட்டுறான். எனக்குக் கோவம் வந்திருச்சு. முப்பது வருசமா கலர் பாக்குறவன்ட்ட அட்டைய நீட்டுறியான்னு ஏறிட்டேன். அவன் பாவம், நைட்ரேட்டு கூடிருக்கு சார், அதான் பாசின்னான்.

அங்கனதான்லே எனக்குப் புத்தி கோணலாப் போச்சு. நைட்ரேட்டுன்னதும் நமக்கு என்ன நெனப்பு வரும்? பச்ச மத்தாப்புக்கு என்ன போடுவாக? பேரியம் நைட்ரேட்டு. தொட்டி பச்சையா இருக்கு, நைட்ரேட்டும் இருக்குங்குறான். எவனோ பொறாம புடிச்சவன் பட்டாசு மருந்த அள்ளித் தொட்டியில போட்டுட்டான்னு முடிவே கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து போற அம்புட்டுப் பேரையும் வரிசையா நிறுத்தி கையை மோந்து பாத்தேன். பால்காரன் கையில பால் வாடை. பாலம்மா கையில பூண்டு. எங்க மச்சினன் ஏழாயிரம்பண்ணையில மருந்து எடை போடுற ஆளு, அவன் கையில என்ன வாடை இருக்கும்? பெறகென்ன, வீட்டுப் படி ஏறப்படாதுன்னுட்டேன். பாலம்மா நாலு நாளு என்ட்டப் பேசல.

கடைசியில ஹரிஷ்குமார்தான் சொல்றான், சார் யாரும் எதையும் போடல, மீனு பேளுறதும் அது திங்காம விட்ட தீனி அழுகுறதுந்தான் நைட்ரேட்டா மாறுதுன்னு. எத்தன வாட்டி தீனி போடுறீகன்னான். நான் காலையில ஒரு வாட்டி. வர்ற ஏவாரி எல்லாம் ஆளுக்கு ஒரு சிட்டிகை. அம்புட்டுத்தான்னு பாத்தா, பாலம்மா நடுவுல வர்றா. காக்காவுக்குச் சோறு வைக்கும்போது தெனமும் தொட்டிக்கும் ஒரு பிடி போட்டிருக்கா. நெய்யி ஊத்துன சோறுலே. மச்சினன் மேல சும்மா பழியப் போட்டுட்டோமேன்னு மனசுக்குள்ள குத்துச்சு. வாயத் தெறந்து சொல்லல. தீவாளிக்கு வேட்டி எடுத்துக் குடுத்துக்கிடலாம்னு விட்டுட்டேன்.

என்னத்தலே முணுமுணுக்க? வேட்டி எடுத்துக் குடுத்தா தீந்து போச்சாக்கும்னா? கேட்டுச்சு, கேட்டுச்சு.

பெறகு அவன் ஒரு பொட்டலம் கொண்டாந்தான். கன்னங்கரேல்னு குருண மாதிரி. இரும்புல செஞ்சதாம், பாசி திங்கிற சத்த இது தின்னுருமாம். கிலோ மூவாயிரத்துச் சொச்சம். இரும்புக்கா மூவாயிரம்? கம்பி மத்தாப்புக்குப் போடுற இரும்புத்தூளு நம்ம பக்கத்துல மூட மூடயாக் கெடக்குலே. ஒரு கிலோ வாங்கியாந்து துணியில கட்டித் தொட்டிக்குள்ள தொங்க விட்டேன். மறுநாளு காலையில பாத்தா தொட்டி பூரா காப்பி. அவரு வீட்டுல பாத்த மாதிரியே நான் வாங்கி விட்டிருந்த பட்ட போட்ட மீனு ரெண்டும் மல்லாந்து மெதக்குது. இரும்பு தின்னு பாசி இன்னும் கொழுக்குமேன்னு ஹரிஷ்குமார் தலையில அடிச்சுக்கிடுறான். நான் அவன்ட்ட, ஒங்க இரும்பும் எங்க இரும்பும் ஒரே இரும்புதானன்னு ஒன்றரை மணி நேரம் வாதாடுனேன். செத்த மீனக் கையில வச்சுக்கிட்டே வாதாடுனேன்.

அன்னைக்குத்தான் எறங்கி வந்தேன். அவன் சொன்ன உப்பு. வடிகட்டுன தண்ணி, கேன் கேனா. லைட்டு ஏழு மணி நேரத்துக்கு மேல எரியப்படாதுன்னு ஒரு டைமரு. புதுசா விட்ட மீனுக்குத் தீனி ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி, பாலம்மாளுக்குத் தெரியாம டப்பாவ பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பாசி மேயுறதுக்கு ஆறு நத்தை. மழை பேஞ்சா ரோட்டுல ஓடுற நத்தைக்கு எரநூத்தம்பதான்னு கேட்டு ஒண்ணு எரநூறுக்கு முடிச்சேன், அதை மட்டும் விடல. ரெண்டு மாசத்துல முடி எல்லாம் உதுந்து போச்சு. நத்தை மேஞ்ச எடம் செரைச்ச மாதிரி ஆயிருச்சு. ஹரிஷ்குமார் தொட்டியத் தட்டிக் காட்டி, சார் கண்ணாடி மாதிரி ஆயிருச்சுன்னான்.

எனக்குப் பச்சையா இருந்துச்சுலே.

முடி இல்ல, பாசி திட்டுத்திட்டா இல்ல, அது தெரியுது. ஆனா தண்ணி பூரா ஒரு பச்ச. லைட்டு போட்டா பச்ச, அணைச்சா கலங்கல். பாதி வேலயச் செஞ்சிட்டு முழுக்கூலி கேக்குறியான்னு அவன வெரட்டி விட்டுட்டேன். தூத்துக்குடியில இருந்து இன்னொருத்தன வரவச்சேன். அவன் பாத்துட்டு, அண்ணாச்சி இதுல நான் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா காசு வாங்க மனசு வரலங்குறான். இவன் அவனோட கூட்டாளின்னு அவனையும் வெரட்டிட்டேன். பாலம்மா தண்ணி பன்னீர் மாதிரி இருக்குங்குறா. ஒனக்கு என்ன தெரியும், போயி அடுப்பப் பாருன்னேன்.

பெறகு முனியராஜக் கூப்பிட்டேன். ஏலே, பாசி இருக்கா இல்லையா? அம்புட்டும் பாசி அண்ணாச்சி, ஒரே பச்சங்குறான். கட்டிங் மெசின்காரனக் கூட்டியாந்தேன், அவனும் பச்சங்குறான். பைண்டிங் ஆளுக அஞ்சு பேரு, அஞ்சு பேரும் ஆமா அண்ணாச்சி, பச்சதான் அண்ணாச்சி. எனக்கு மனசு குளுந்து போச்சு. பாத்தியா, ஏழு பேரு சொல்றான், எங் கண்ணு தப்பாதுன்னு பாலம்மாள்ட்டச் சொல்லிக் காட்டுனேன்.

போன வாரம் வைராக்கியம் வந்து நானே எறங்கிட்டேன். பிரஸ்ல இங்க் தள்ளுற கத்திய எடுத்தாந்து நாலு பக்கக் கண்ணாடியையும் சொரண்டுனேன். கத்தியில ஒண்ணும் வரல. புது வெள்ளத் துணிய எடுத்து உள்ள, வெளிய, மூலை முடுக்கு அம்புட்டையும் அழுத்தித் துடைச்சேன். துணிய ஜன்னல்கிட்டக் கொண்டு போயிப் பிரிச்சேன். ஒரு பொட்டு பச்ச இல்லலே. துணியில இல்லாத பச்ச தொட்டியில எப்படி இருக்கும்?

அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ பாத்துச் சொல்லு. கிட்டப் போ. குனிஞ்சு பாரு. பாசி இருக்கா?

அவசரப்படாதலே. லைட்டப் போடுறேன், இப்பப் பாரு. பின்பக்கக் கண்ணாடி. மணலு. அந்த மூலை.

இல்லையா.

நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏழு பேரு இருக்குன்னான், நீ ஒருத்தன் இல்லங்குற.

ம். சரி. இல்ல.

நீ இப்படித்தான் சொல்லுவன்னு தெரியும். இருலே, எங்க போற? டீ வருது. பாலம்மா, டீ என்னாச்சு?

அந்தக் கதை ஒனக்கும் வந்திருச்சா. எந்தக் கதையா? நடிக்காத. ஊரே சிரிக்குதே, ஊதாக்குதிரன்னு. நீ போன மறுநாளு நானே மெசின்கிட்ட நின்னு கலர் கூட்டுனேன். மெஜண்டாச் செவப்ப ஏத்து ஏத்துன்னு ஏத்தி, எனக்கு நீலமாத் தெரியுற வரைக்கும் விடல. புரூப் சீட்டத் தூக்கிக் காட்டி எப்படிலே இருக்குன்னேன். நாப்பது பேரும் சூப்பர் அண்ணாச்சின்னான். ரெண்டு லட்சம் லேபிளு ஓடிருச்சு. கம்பெனியில பிரிச்சுப் பாத்தா குதிர கத்திரிக்கா கலர்ல நிக்குது. மொதலாளி போன்ல கத்தல, சிரிச்சாரு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அண்ணாச்சி, குதிரைக்கு என்ன, கழுத்த நெரிச்சிட்டீகளான்னாரு.

நாப்பது பேருக்கும் ஊதான்னு தெரிஞ்சிருக்குலே. ஒருத்தன் வாயத் தெறக்கல. ஆடி மாசம் நீ வாயத் தெறந்ததுக்கு என்ன கெடச்சதுன்னு பாத்தவனுக தான.

திரும்ப ஓட்டித் தாரேன்னு கால்ல விழாத கொறையா வாங்கியிருக்கேன். திங்கக்கெழம லோடு ஏறணும். தப்புனா நீலக்குதிர கைய விட்டுப் போயிரும். நம்ம பிரஸ்ல பாதிச் சோறு அந்தக் குதிர போடுறது, ஒனக்குத் தெரியாததா. அதனால நாளைக்குக் காலையில மெசினுக்கு வந்திரு.

ஆமா, தொட்டிக்குத்தான் கூப்பிட்டேன்னேன். இப்ப வேலைக்குக் கூப்பிடுறேன். என்ன இப்ப? சம்பளத்துல ரெண்டாயிரம் சேத்துக்க.

மூவாயிரம்.

காசு இல்லையா? பெறகு என்னதான் வேணும்? சொல்லு.

நாப்பது பேரு முன்னாடியா? என்னத்த? தப்பு எம்மேலதான்னா? ஏலே, வயசுல மூத்தவன்லே நானு. இங்கன வச்சுச் சொல்றேன், கேட்டுக்க, போதாதா? பாலம்மாளக் கூப்பிட்டு அவ முன்னாடி சொல்றேன். அவளே போதும், ஊருக்குப் பரப்பிருவா.

சரி, முனியராஜ் முன்னாடி.

மெசின் செக்சன் ஆளுக மட்டும். எட்டுப் பேரு இருக்கான். எட்டுக்குப் பேரு கூட்டமில்லையா?

இருவது. பைண்டிங் பொம்பளையாளுகள விட்ரு, அவளுக கேலி பேசியே கொன்னுருவாளுக.

கொறைக்க மாட்டியா. நீ ஒரு பைசா கொறைக்கிற ஆளு இல்ல. எங்கிட்ட இருந்துதான கத்துக்கிட்ட, கழுத. சரி, நாப்பது. நாப்பது பேரு முன்னாடியும் சொல்றேன். மாரிக்கண்ணன் ஓட்டுன குதிர நீலந்தான், பச்சைன்னது நான்தான்னு சொல்லிருதேன். ஆயிருச்சா? இப்பவாச்சும் உக்காரு.

எப்படின்னா? நாப்பது பேரும் எப்படின்னு கேப்பான்ங்குறியா. கேக்கட்டும். நீயே சொல்லு, மெசின்காரன் தான, நீலத்து மேல லேசா மஞ்சள் ஏறுனா என்ன வரும்?

ம். பச்ச. அந்த வெள்ளத் துணியக் கையில வச்சுக்கிட்டு நானும் அதத்தான் யோசிச்சேன். தொட்டி லைட்டு நீலம், ஒன் குதிரயும் நீலம். ரெண்டும் எனக்குப் பச்ச. அப்ப நடுவுல எங்கனயோ ஒரு மஞ்சள் நிக்குது. எங்கன நிக்குதுன்னு ஒத்தக் கண்ண மூடிப் பாத்தேன். எடது கண்ணுல கொஞ்சம் பச்ச, வலது கண்ணுல நெறயப் பச்ச. மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறிட்டேன், வீட்டுல மை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு. டாக்டரம்மா லைட்ட அடிச்சுப் பாத்துச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை, மஞ்சளாப் பழுத்து நிக்குதுன்னுச்சு. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும், நீங்க இம்புட்டு நாளு கவனிக்கலையா, என்ன வேல பாக்குறீகன்னு கேட்டுச்சு. கலர் பாக்குற வேலன்னு சொல்ல வாய் வரல. பேப்பர் ஏவாரம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பயப்படாதலே, சின்ன ஆபரேசன்தான். வெள்ளிக்கெழம வலது கண்ணு. கூட ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணுமாம். பாலம்மாள்ட்ட இன்னும் சொல்லல, சொன்னா ஒப்பாரி வைப்பா. நீ வந்திரு. அதுவரைக்கும் மெசின்ல நீ நீலங்குறதுதான் நீலம், நான் வந்து எதாவது சொன்னாலும் காதுல போட்டுக்காத.

டீ வந்திருச்சு, எடுத்துக்க. புதுச் சட்டையா? காலண்டர் பிரஸ்ல எடுத்துக் குடுத்தாகளாக்கும். பச்ச ஒனக்கு நல்லாத்தான் இருக்கு.

நீலமா.

சரி. நீலம்னா நீலம்.